கவசமும் கேடயமும்: புதிதாக ஆட வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நாலு நண்பர்கள் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை ஆட்டம் ஆட உட்கார்ந்தால், கேரக்டர் ஷீட் (தம் ஆளின் விவரத்தாள்) நிரப்பும் வேலை கவசப் பட்டியலில் வந்து நின்றுவிடும். பெயர் வைத்தாயிற்று, கிளாஸ் (போர்வீரர், மந்திரவாதி மாதிரியான தொழில்வகை) எடுத்தாயிற்று, திறன்களுக்கான பகடையும் உருட்டியாயிற்று. இங்கே பார்த்தால் பன்னிரண்டு கவசங்கள், தனியாக ஒரு கேடயம். புதிதாக வந்தவர்கள் நேரே கடைசி வரிக்குப் போகிறார்கள். பிளேட் ஆர்மர், 18. அது எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்கள்.

எண்ணைப் பார்த்துக் கவசம் எடுக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. சண்டையில் உங்கள் ஆள் எங்கே நிற்கப் போகிறார், அவருடைய இரண்டு கைகளிலும் என்ன இருக்கப் போகிறது? இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகு பட்டியலைத் திறந்தால், பன்னிரண்டில் இரண்டோ மூன்றோதான் உங்களுக்குப் பொருந்தும்.

இங்கே தரும் எண்கள் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்புத்தகத்தில் உள்ளவை. 2024-இல் வந்த திருத்தத்திலும் கவசங்களின் எண்ணும் விலையும் அப்படியேதான் இருக்கின்றன. 2023-இல் வந்த பல்டர்ஸ் கேட் 3 கணினி ஆட்டமும் இதே விதிகளின் மேல் கட்டப்பட்டதுதான். அதனால் கணினியில் ஆடுபவர்களுக்கும் அடிப்படை இதுவே.

முதலில் ஏசி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்

எதிரி உங்களை அடிக்க வரும்போது இருபது முகப் பகடையை உருட்டித் தன் தாக்குதல் போனஸைக் கூட்டுவான். அந்தக் கூட்டுத்தொகை உங்கள் ஏசியை (ஆர்மர் கிளாஸ், அதாவது கவச எண்) தொட்டாலோ தாண்டினாலோ அடி விழும். கவசமே இல்லாதவரின் ஏசி 10, அதோடு டெக்ஸ் (டெக்ஸ்டெரிட்டி, சுறுசுறுப்புத் திறன்) போனஸ். அவ்வளவுதான்.

ஒரு சாதாரண காப்ளினின் தாக்குதல் போனஸ் 4. உங்கள் ஏசி 14 என்றால், அது 10 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். இருபதில் பதினோரு தடவை அடி விழும். ஏசி 16 ஆனால் ஒன்பது தடவை. 18 ஆனால் ஏழு. அதன் மேல் கேடயமும் பிடித்து 20 ஆக்கினால் ஐந்து. கடைசிக் கணக்கைக் கவனியுங்கள்: ஏழு அடி ஐந்தாகக் குறைகிறது, அதாவது வாங்கும் அடியில் கால் பங்குக்கும் மேல் போய்விடுகிறது. 14-இலிருந்து 16-க்குப் போகும்போது பதினொன்று ஒன்பதாகிறது, ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஏற்கெனவே நல்ல கவசம் வைத்திருப்பவருக்குத்தான் இன்னொரு புள்ளி அதிகம் உதவுகிறது. பின்வரிசையில் நிற்கும் விசார்ட் ஒரு புள்ளிக்காக மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. முன்வரிசையில் நிற்பவர் ஒவ்வொரு புள்ளிக்கும் மெனக்கெட வேண்டும்.

ஏசி எதற்கு உதவாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அடி விழுந்துவிட்டால் கவசம் அதன் வலிமையைக் குறைக்காது. ரூன்குவெஸ்ட், கர்ப்ஸ் மாதிரியான ஆட்டங்களில் கவசம் அடியை உள்வாங்கிக் குறைக்கும். அங்கிருந்து வருபவர்கள் இங்கே அதை எதிர்பார்க்கக் கூடாது. அப்புறம், சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப நீங்களே உருட்டும் பகடை) கேட்கும் எதற்கும் ஏசி கணக்கில் வராது. நெருப்புக் கோளம், விஷப்புகை, மேலிருந்து உருண்டு வரும் பாறை எல்லாம் இந்த வகை. கிருஷ்ணகிரிக் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1791-இல் ஆங்கிலேயப் படை இரவோடு இரவாகத் தாக்கியும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. அப்படி ஒரு மலைப்படியில் உங்கள் குழு ஏறிக்கொண்டிருக்க, மேலிருந்து பாறையைத் தள்ளுகிறார்கள் என்று டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) சொன்னால் அது டெக்ஸ் சேவ். பிளேட் அணிந்தவரும் வேட்டி கட்டியவரும் அங்கே ஒன்றுதான். விலகத் தெரிந்தவர் பிழைப்பார்.

யாரிடமாவது பழைய பதிப்புப் புத்தகம் கிடைத்து அதில் பிளேட்டுக்கு ஏசி 3 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். 1974-இல் வந்த முதல் பதிப்பிலிருந்து வெகுகாலம் ஏசி குறையக் குறையத்தான் நல்லது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அதைத் திருப்பினார்கள்.

அடுத்தது உங்கள் கிளாஸ் எதை அனுமதிக்கிறது

கவசங்கள் லைட், மீடியம், ஹெவி என மூன்று வகை. ஃபைட்டரும் பலாடினும் எதையும் அணியலாம், கேடயமும் பிடிக்கலாம். ரேஞ்சர், பார்பேரியன், கிளெரிக் மூவருக்கும் லைட், மீடியம் கவசங்களும் கேடயமும் உண்டு. கிளெரிக்கில் சில பிரிவினருக்கு ஹெவியும் உண்டு. ரோக், பார்ட், வார்லாக் லைட் மட்டும். விசார்ட், சார்சரர், மாங்க் ஆகியோருக்கு எதுவும் இல்லை. ட்ரூயிட் 2014 விதிப்படி லைட், மீடியம், கேடயம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உலோகம் அணிய மாட்டார்.

பழக்கமில்லாத கவசத்தை அணிய முடியாது என்று இல்லை. அணிந்தால் பலம், டெக்ஸ் சார்ந்த எல்லா உருட்டல்களிலும் டிஸ்அட்வான்டேஜ் வரும். அதாவது இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய இடி, மந்திரமே போட முடியாது. விசார்டுக்குச் சங்கிலிச் சட்டை மாட்டிவிட்டால் அவர் வெறும் கைத்தடி ஏந்திய கிழவர்தான்.

பார்பேரியனுக்கும் மாங்குக்கும் கவசம் இல்லாமலே ஒரு கணக்கு உண்டு. பார்பேரியனுக்கு 10, அதோடு டெக்ஸ், கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) போனஸ்கள். மாங்குக்கு 10, அதோடு டெக்ஸ், விஸ்டம் (விவேகம்) போனஸ்கள். இதில் ஒரு வேறுபாடு புதியவர்கள் கண்ணில் படாது. பார்பேரியன் கேடயம் பிடித்தாலும் அந்தக் கணக்கு நிற்கும். மாங்க் கேடயம் பிடித்தால் போய்விடும். விசார்ட் முதல் நிலையிலேயே மேஜ் ஆர்மர் மந்திரம் எடுத்தால் 13-உடன் டெக்ஸ் கிடைக்கும், எட்டு மணி நேரம் நிற்கும். அவருக்கு அது போதும்.

மூன்று வகைகள்

லைட் கவசத்தில் டெக்ஸ் போனஸ் முழுவதும் சேரும். பஞ்சு வைத்துத் தைத்த பேடட் 11, தோல் கவசம் 11, ஆணி பதித்த ஸ்டடட் லெதர் 12. பேடட் ஒளிந்து நடப்பதற்குத் தடையாக இருக்கும், அதைத் தொட வேண்டாம். தோல் கவசம் 10 தங்கக் காசு, ஸ்டடட் 45. ரோக் தோலில் தொடங்கி, முதல் கொள்ளை கிடைத்ததும் ஸ்டடடுக்கு மாறினால் சரி.

ஹெவி கவசத்தில் டெக்ஸ் சேரவே சேராது, குறைவாக இருந்தாலும் கழியாது. அதனால் டெக்ஸ் மோசமாக உருட்டியவருக்கு இதுதான் வழி. ரிங் மெயில் 14, செயின் மெயில் 16, ஸ்ப்ளிண்ட் 17, பிளேட் 18. நான்குமே சத்தம் போடும், ஸ்டெல்த்தில் (ஒளிந்து நடப்பதில்) டிஸ்அட்வான்டேஜ் தரும். செயின் மெயிலுக்கு பலம் 13 வேண்டும். ஸ்ப்ளிண்ட், பிளேட் இரண்டுக்கும் 15. அது இல்லாவிட்டால் நடை வேகம் 10 அடி குறையும். ஃபைட்டருக்குத் தொடக்கத்திலேயே செயின் மெயில் எடுக்கும் வாய்ப்பு உண்டு, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்டின் விலை 1500 தங்கக் காசு, ஸ்ப்ளிண்ட் 200. ஒரு புள்ளிக்கு 1300 காசு. அவசரப்பட வேண்டாம்.

மீடியத்தில்தான் குழப்பம் அதிகம், நல்ல தேர்வுகள் இருப்பதும் இங்கேதான். இதில் டெக்ஸ் போனஸ் 2 வரைதான் சேரும். விலங்குத் தோலால் ஆன ஹைட் 12, சங்கிலிச் சட்டை (செயின் ஷர்ட்) 13, செதில் செதிலாகக் கோத்த ஸ்கேல் மெயில் 14, பிரெஸ்ட்பிளேட் 14, ஹாஃப் பிளேட் 15. ஸ்கேலும் ஹாஃப் பிளேட்டும் சத்தம் போடும், மற்ற மூன்றும் போடாது.

உங்கள் டெக்ஸ் 14 என்று வையுங்கள், போனஸ் 2. ஸ்கேல் மெயில் 50 காசு, ஏசி 16. செயின் மெயில் 75 காசு, அதே 16. செயின் மெயிலுக்கு பலம் 13 வேண்டும், எடையும் 25 கிலோ. ஸ்கேலுக்கு பலம் எதுவும் வேண்டாம், எடை 20 கிலோ. டெக்ஸ் 14 உள்ள கிளெரிக், ஹெவி கிடைக்கவில்லையே என்று வருத்தப்படத் தேவையே இல்லை. பிரெஸ்ட்பிளேட்டும் அதே 16-தான், ஆனால் சத்தம் இல்லை, எடை 9 கிலோ, விலை 400. அந்த வித்தியாசமான 350 காசும் அமைதியாக நடப்பதற்கான விலை. உங்கள் குழு திருட்டுத்தனமாக நுழையும் குழுவா, கதவை உடைத்துக்கொண்டு போகும் குழுவா என்பதைப் பொறுத்துத்தான் அது லாபமா நட்டமா என்று சொல்ல முடியும்.

ரேஞ்சர் ஆடுபவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். டெக்ஸ் 16 என்றால் போனஸ் 3. ஸ்டடட் லெதரில் 15. சங்கிலிச் சட்டையில் 2 மட்டுமே சேர்வதால் அதுவும் 15. ஸ்டடட் 5 காசு குறைவு, எடையும் குறைவு. டெக்ஸ் 18-க்கு ஏறியதும் ஸ்டடட் 16 ஆகிவிடும், சட்டை அங்கேயே நிற்கும். அஞ்செட்டிக் காடு மாதிரி ஓர் இடத்தில் முன்னால் போய் வேவு பார்ப்பவருக்கு மீடியம் தேவையில்லை.

கேடயம்

பட்டியலில் மிக மலிவான நல்ல பொருள் இதுதான். 10 காசு, 3 கிலோகூட இல்லை, ஏசியில் 2 கூடும். தோல் கவசத்திலிருந்து 2 புள்ளி ஏற வேண்டும் என்றால் வேறு வழியில் எத்தனை காசு ஆகும் என்று பாருங்கள், இதன் அருமை புரியும்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளம். ஏரிக்கரையில், வயலோரத்தில், ஊர் எல்லையில் நிற்கின்றன; தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மாடு கவர வந்தவர்களோடு மோதி இறந்த வீரர்களுக்கு வைத்த கற்கள். சிலர் வில்லோடு நிற்பார்கள், சிலர் ஒரு கையில் வாளும் மறு கையில் கேடயமுமாக நிற்பார்கள். உடம்பில் அம்பு தைத்தபடி செதுக்கியவையும் உண்டு. ஃபைட்டரோ பார்பேரியனோ உருவாக்கும் முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்று உண்மையாகவே சொல்வேன். வில் ஏந்தியவர் கையில் கேடயம் இருக்காது. இரண்டு கையும் வில்லுக்கே வேண்டும். கேடயம் ஏந்தியவர் வாளை ஒரு கையில்தான் பிடித்திருப்பார். விதிப்புத்தகம் சொல்வதும் அதுவேதான். லாங்போ, கிரேட்ஸ்வோர்ட், கிளேவ் எதுவானாலும் இரண்டு கை ஆயுதம், அதை எடுத்தால் கேடயம் கிடையாது.

கை கணக்கைத்தான் புதியவர்கள் மறந்துபோகிறார்கள். லாங்ஸ்வோர்டை ஒரு கையில் பிடித்தால் எட்டு முகப் பகடை, இரண்டு கையில் பிடித்தால் பத்து முகம். சராசரியில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காக 2 ஏசியை விடுவது சரியில்லை; லாங்ஸ்வோர்ட் வைத்திருப்பவர் கேடயம் பிடியுங்கள். கிரேட்ஸ்வோர்ட் என்றால் பேச்சே வேறு. இரண்டு ஆறு முகப் பகடை, சராசரி 7. ஒரு கை லாங்ஸ்வோர்டுக்கு நாலரை. அங்கே கேடயத்தை விடுவதற்கு நியாயம் உண்டு.

மந்திரம் போடுபவருக்கு இது இன்னும் சிக்கல். பல மந்திரங்களுக்குக் கையசைவு வேண்டும், அதற்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். ஒரு கையில் கதாயுதம், மறு கையில் கேடயம் என்று நிற்கும் கிளெரிக் திடீரென்று மந்திரம் போட முடியாமல் தவிப்பார். தம் தெய்வத்தின் சின்னத்தைக் கேடயத்திலேயே வரைந்துகொள்ள கிளெரிக்குக்கும் பலாடினுக்கும் அனுமதி உண்டு; பொருள் கேட்கும் மந்திரங்களுக்கு அந்தக் கையே போதும். மற்றவற்றுக்கு வார் காஸ்டர் என்ற ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) எடுக்கலாம். அதுவரை கதாயுதத்தை உறையில் போட்டுவிட்டு மந்திரம் சொல்லுங்கள்.

கேடயத்தை மாட்ட ஓர் ஆக்‌ஷன், கழற்ற ஓர் ஆக்‌ஷன். முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் சண்டையின் முதல் சுற்று அதற்கே போய்விடும். இருட்டில் ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் கேடயம் பிடித்து நடந்தால் வாள் எடுக்கக் கை இல்லை. விளக்கை யார் பிடிப்பது என்று குகைக்குள் நுழையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரியான இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஆடுகிறீர்கள் என்றால் கேடயம் கையில் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆக்‌ஷன் செலவழித்து அதை உயர்த்த வேண்டும். உயர்த்திய கேடயத்தால் விழுந்த அடியைத் தடுக்கும் திறனும் உண்டு. எஃகுக் கேடயம் ஓர் அடியில் 5 புள்ளியை உள்வாங்கும், மிச்சத்தைக் கேடயமும் வாங்கும், நீங்களும் வாங்குவீர்கள். அதற்கும் உடையும் அளவு உண்டு. கேடயத்தோடு சண்டையிடும் உணர்வு அந்த ஆட்டத்தில்தான் நன்றாகக் கிடைக்கிறது என்பது என் கருத்து.

பட்டியலின் எண்ணுக்குள் வராதவை

வெயில். 2014 டன்ஜன் மாஸ்டர் புத்தகத்தில், 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் குடிக்கத் தண்ணீர் இல்லாதவர்கள் மணிக்கொரு தடவை கான்ஸ்டிடியூஷன் சேவ் போட வேண்டும் என்று இருக்கிறது. மீடியமோ ஹெவியோ அணிந்தவருக்கு அதில் டிஸ்அட்வான்டேஜ். சித்திரை மாதத்துத் தருமபுரியில் கதை நடந்தால் அந்த விதி தினமும் வரும். உங்கள் கதைக்களம் இங்கே என்றால் பிளேட் கனவு காண்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நேரம். லைட் கவசம் அணிய ஒரு நிமிடம், மீடியம் ஐந்து, ஹெவி பத்து. கழற்ற லைட், மீடியம் ஒரு நிமிடம், ஹெவி ஐந்து. ஒரு சண்டைச் சுற்று ஆறு நொடிதான். இரவில் பதுங்கித் தாக்குகிறார்கள் என்றால் பிளேட்டை எடுத்து மாட்ட நேரமே கிடையாது. சரி, அணிந்தே தூங்கலாமே என்றால், பிற்பாடு வந்த கூடுதல் விதிகளில் அதற்கும் தடை உண்டு: மீடியம், ஹெவி அணிந்து தூங்கியவருக்கு செலவழித்த ஹிட் டைஸில் (ஓய்வில் உயிர்ப்புள்ளி மீட்க உருட்டும் பகடைகள்) கால் பங்குதான் திரும்பும், களைப்பும் தீராது. காவல் முறை போட்டுக்கொள்வதே நல்லது.

தண்ணீர். பிளேட் அணிந்தவர் நீந்தக் கூடாது என்று அடிப்படை விதிகளில் தனி விதி இல்லை. ஆனால் ஒகேனக்கல் மாதிரி ஓர் இடத்தில் பரிசல் கவிழ்ந்தால் எந்த டன்ஜன் மாஸ்டரும் சும்மா விடமாட்டார். அப்போது எந்த உருட்டல் கேட்பீர்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

உலோகத்துக்கென்றே சில எதிரிகள் இருக்கின்றன. ஹீட் மெட்டல் மந்திரம் கவசத்தைப் பழுக்கக் காய்ச்சும், அதை உடனே கழற்றவும் முடியாது. ரஸ்ட் மான்ஸ்டர் தொட்டால் ஏசி ஒவ்வொன்றாக நிரந்தரமாகக் குறையும். துரு வாசனையோ, அரித்துப்போன ஆயுதங்களோ குகையில் தெரிந்தால் பிளேட் அணிந்தவரை முன்னால் அனுப்பாதீர்கள்.

நம் ஊர்க் கதையில் ஆடும்போது

எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு தோற்றத்தை மட்டும் மாற்றுங்கள். ஹைட் என்பது எருமைத் தோல். பேடட் என்பது மைசூர் சுல்தான்களின் காலத்தில் அணிந்த, பஞ்சு வைத்துத் தைத்த அங்கி. செயின் மெயிலுக்கு இந்தியாவில் வளையங்களோடு சிறு தகடுகளையும் கோத்த சட்டைகள் இருந்தன. பிரெஸ்ட்பிளேட்டுக்கு மார்பு, முதுகு, இரு பக்கம் என நான்கு தகடுகள் சேர்ந்த கவசத்தைச் சொல்லலாம். கேடயம் வட்டமாக, தோலிலோ எஃகிலோ இருக்கட்டும். முழு உடல் பிளேட்டை மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்த அபூர்வப் பொருளாக வையுங்கள், அதன் விலைக்கும் அது பொருந்தும்.

இரும்புக்கும் கொல்லர்களுக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். நாலாயிரம் ஆண்டுப் பழமையான ஓர் உலைக்களத்தைக் கதைக்குள் கொண்டுவர இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

எருது விடும் விழாவுக்குள் ஹாஃப் பிளேட் போட்டுக்கொண்டு நுழைந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்பதையும் டன்ஜன் மாஸ்டர் காட்ட வேண்டும். ஊருக்குள் பேசிச் செய்தி திரட்டும் நாளுக்கு ஒரு தோல் கவசம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், 10 காசுதானே.

கணினி ஆட்டங்களில்

எல்டன் ரிங் ஆடுபவர்கள் எடையை மட்டும் பாருங்கள். சுமக்கும் எடை 70 விழுக்காட்டைத் தாண்டினால் உருண்டு தப்பிப்பது மிக மெதுவாகிவிடும். 30-க்குள் இருந்தால் மிக வேகம். தொடக்கத்தில் 70-க்குக் கீழே எவ்வளவு கனமான கவசம் அடங்குமோ அதை அணியுங்கள். ஸ்கைரிமில் லைட், ஹெவி இரண்டும் தனித்தனித் திறன்கள், அணியும்போதுதான் வளரும். தொடக்கத்திலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதும் விற்பதும்

எதிரிகள் அணிந்திருந்த கவசத்தை எல்லாம் மூட்டை கட்டி விற்கலாம் என்று நினைக்காதீர்கள். அவை விற்கும் நிலையில் இருப்பது அரிது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. நல்ல நிலையில் இருந்தால் பாதி விலை கிடைக்கும். கொள்ளையில் உண்மையாகவே ஒரு பிளேட் கிடைத்துவிட்டால், அது யார் உடம்புக்குச் செய்தது என்று கேளுங்கள். அளவு மாற்ற ஒரு விருப்ப விதி இருக்கிறது: நாலு முகப் பகடை உருட்டிப் பத்தால் பெருக்கினால் வரும் விழுக்காடுதான் கொல்லருக்குக் கூலி. 1 விழுந்தால் 150 காசு, 4 விழுந்தால் 600. அந்தப் பணத்தைக் குழுவின் பொதுப்பையிலிருந்து எடுப்பதா, அணியப் போகிறவர் தருவதா என்பதைப் பகடை உருட்டும் முன் பேசி முடித்துவிடுங்கள்.